475-ஐ 975 ஆக்கும் கணக்கு: வாசகர் கேள்விகள்

நில அதிர்வு வரைபடங்களிலும் மண் ஆய்வு அறிக்கைகளிலும் '50 ஆண்டில் 10 சதவீதம்', '475 ஆண்டு', '2475 ஆண்டு' என்றெல்லாம் வருகிறதே, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது எப்படி என்று கேட்டுப் பல கடிதங்கள். பெரும்பாலும் கட்டடப் பொறியாளர்களும் மாணவர்களும். வீட்டுக்காரர் ஒருவரும் உண்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி (பொறியியல் மாணவி, விருதுநகர்): 50 ஆண்டில் 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 0.2 சதவீதம். அதாவது 500 ஆண்டுக்கு ஒரு முறை. ஆனால் புத்தகத்தில் 475 என்று இருக்கிறது. நடுவில் 25 ஆண்டு எங்கே போயிற்று?

பதில்: உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. வகுத்த பொருள்தான் வேறு. வரைபடத்தில் உள்ள 10 சதவீதம், அந்த 50 ஆண்டில் 'ஒரு தடவையாவது' அந்த அதிர்வு மீறப்படுவதற்கான நிகழ்தகவு. இரண்டு தடவை மீறினாலும் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஆண்டு வீதமோ ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாக எண்ணுவது. 50 ஆண்டில் சராசரியாக 0.105 தடவை மீறல் நடந்தால்தான் 'ஒரு தடவையாவது' என்பதன் நிகழ்தகவு 0.10 ஆகும். இரண்டு அல்லது அதற்கு மேல் வருவதற்கு மட்டும் 0.5 சதவீத வாய்ப்பு உண்டு. காணாமல் போன 25 ஆண்டு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சூத்திரம் பாய்சான் பரவலிலிருந்து (ஒன்றோடொன்று தொடர்பின்றி வரும் அரிய நிகழ்வுகளை எண்ணும் கணிதம்) வருவது:

மீள்காலம் = ஆண்டுகள் ÷ [ − இயல் மடக்கை (1 − நிகழ்தகவு) ]

ரிட்டர்ன் பீரியட் என்று அலுவலகத்தில் சொல்வதைத்தான் இங்கே மீள்காலம் என்கிறோம்: அந்த அதிர்வு சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மீறப்படும் என்பது. 0.9-இன் இயல் மடக்கை −0.10536. ஆகவே 50 ÷ 0.10536 = 474.6 ஆண்டு. திரும்பி வரவேண்டுமென்றால், நிகழ்தகவு = 1 − (−ஆண்டுகள் ÷ மீள்காலம் என்பதன் அடுக்குச் சார்பு). 475 ஆண்டு அதிர்வுக்கு 100 ஆண்டு ஆயுள் கொண்ட கட்டடத்தில் இது 19 சதவீதம்; 25 ஆண்டில் 5.1 சதவீதம். ஆயுளும் மீள்காலமும் சமமாக இருந்தால் எப்போதும் 63 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 475 ஆண்டு அதிர்வு 475 ஆண்டில் கட்டாயம் வரும் என்று நேர்முகத் தேர்வில் சொல்லித் தோற்பவர்கள் உண்டு.

50 ஆண்டுக்கு அடிக்கடி தேவைப்படுபவை: 50 சதவீதம் என்றால் 72 ஆண்டு, 20 சதவீதம் 224, 10 சதவீதம் 475, 5 சதவீதம் 975, 2 சதவீதம் 2475. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு நெடுங்காலம் இருந்தது 75 ஆண்டில் 7 சதவீதம். கணக்குப்படி 1033, பேச்சுவழக்கில் '1000 ஆண்டு'. அணைகளின் இயக்க நிலை அதிர்வுக்கு 100 ஆண்டில் 50 சதவீதம். அது 144, எழுதும்போது 145.

கேள்வி (வடிவமைப்பாளர், திருச்சி): எனக்கு 475-க்குப் பதில் 1093 வருகிறது. அலுவலகத்தில் இன்னொருவருக்கு 475.06 வருகிறது. யார் சரி?

பதில்: 1093 வந்தால் கால்குலேட்டரில் 'லாக்' பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். அது 10 அடிமான மடக்கை. 'எல்.என்.' பொத்தான்தான் வேண்டும். எக்செலிலும் இதே பொறி உண்டு: அங்கே 'லாக்' என்றால் 10 அடிமானம். பல நிரல் மொழிகளில் அதே 'லாக்' இயல் மடக்கை. எக்செலில் எழுதிய வரியை அப்படியே நிரலுக்குக் கொண்டுபோகும்போது, அல்லது நிரலிலிருந்து எக்செலுக்குக் கொண்டுவரும்போது, விடை 2.3 மடங்கு மாறிவிடும்.

475.06 என்பது தவறல்ல. அவர் 50 ஆண்டு நிகழ்தகவிலிருந்து ஒரு ஆண்டின் நிகழ்தகவைக் கண்டுபிடித்து (0.002105) அதன் தலைகீழை எடுத்திருக்கிறார். நாம் எடுத்தது ஆண்டு வீதத்தின் தலைகீழ், 474.56. அமெரிக்காவின் ஃபீமா 356 ஆவணச் (இருக்கும் கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான வழிகாட்டி) சூத்திரம் அவர் வழியில்தான் போகிறது. வித்தியாசம் எப்போதும் அரை ஆண்டு. நீண்ட மீள்காலத்துக்கு ஒன்றுமில்லை. 2, 3 ஆண்டு மீள்காலத்துக்குப் போனால்தான் கவனிக்கவேண்டும்.

கேள்வி (வீட்டு உரிமையாளர், கோயம்புத்தூர்): எங்கள் ஊருக்கு 475 ஆண்டு அளவு நடுக்கம் இன்று வந்துவிட்டால் அடுத்த 474 ஆண்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முடியாது. இந்தக் கணக்குக்கு நினைவாற்றல் கிடையாது. நேற்று வந்தது நாளைய கணக்கில் சேராது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் அருகே 2010 செப்டம்பர் 4 அன்று பெரிய நடுக்கம் வந்தது. 2011 பிப்ரவரி 22 அன்று நகருக்கு அருகிலேயே இன்னொன்று வந்தது. இரண்டாவது அளவில் சிறியது, ஆனால் நகர மையத்தில் அது தந்த அதிர்வு 475 ஆண்டு வடிவமைப்பு அளவைத் தாண்டிவிட்டது. மீள்காலம் என்பது உங்கள் நிலத்தில் உணரப்படும் அதிர்வுக்குச் சொல்லப்படுவது, நிலநடுக்கத்தின் ரிக்டர் அளவுக்கு அல்ல. இன்னொன்றும் உண்டு. பாய்சான் கணக்குக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக, ஆய்வாளர்கள் வழக்கமாகப் பின்னதிர்வுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வீதம் கணிக்கிறார்கள். ஆகவே பெரிய நடுக்கம் வந்த மறுநாளின் ஆபத்து அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை.

கேள்வி (கட்டமைப்புப் பொறியாளர், சென்னை): வெளிநாட்டு வாடிக்கையாளர் '50 ஆண்டில் 5 சதவீதம்' அளவுக்குச் சரிபார்க்கச் சொல்கிறார். ஆய்வு அறிக்கையில் பாறை மீது 475 ஆண்டுக்கு 0.12 ஜி, 2475 ஆண்டுக்கு 0.24 ஜி என்று இரண்டு மதிப்பு மட்டும் இருக்கிறது. நடுவில் 975-க்கு எப்படி எடுப்பது?

பதில்: சதவீதத்தை ஆண்டாக மாற்றுவது எந்த ஊருக்கும் ஒன்றே, வெறும் கணிதம். ஆண்டை முடுக்கமாக (புவியீர்ப்பு முடுக்கமான 'ஜி'-இன் பங்காகச் சொல்வது) மாற்றும்போது ஊர் உள்ளே வந்துவிடுகிறது. அந்த ஊரின் ஆபத்து வளைவு (எந்த முடுக்கம் ஆண்டுக்கு எந்த வீதத்தில் மீறப்படும் என்று காட்டும் கோடு) இல்லாமல் இந்த இரண்டாவது படியைத் தாண்டமுடியாது. உங்கள் கையில் அந்த வளைவின் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, அது போதும்.

இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்தால் வளைவு கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். ஆகவே இடைச்செருகலையும் (இரண்டு மதிப்புக்கு நடுவே ஒன்றைக் கணித்தெடுப்பது) மடக்கையிலேயே செய்யவேண்டும்.

முதலில் மீள்காலங்களை எழுதுங்கள்: 474.6, 974.8, 2474.9. இனி 974.8 ÷ 474.6 = 2.054, இதன் மடக்கை 0.720. அடுத்து 2474.9 ÷ 474.6 = 5.215, இதன் மடக்கை 1.651. ஒன்றை மற்றொன்றால் வகுக்க 0.436. முடுக்கங்களின் விகிதம் 0.24 ÷ 0.12 = 2. அந்த 2-ஐ 0.436 அடுக்குக்கு உயர்த்தினால் 1.353. கடைசியாக 0.12 × 1.353 = 0.162 ஜி. இங்கே விகிதம்தான் பயன்படுவதால் எந்த அடிமான மடக்கையும் சரி; திருச்சி நண்பர் இந்த இடத்தில் மட்டும் பிழைத்துக்கொள்வார்.

இப்போது தவறான வழிகள். ஆண்டுகளை நேர்கோட்டில் வைத்து, 475-க்கும் 2475-க்கும் இடையில் கால்வாசி தூரம் என்று எடுத்தால் 0.15 ஜி வரும்; சுமார் 7 சதவீதம் குறைவு. சதவீதத்தை நேர்கோட்டில் வைத்து, 10-லிருந்து 2 வரை 8 பங்கு, அதில் 5 பங்கு என்று எடுத்தால் 0.195 ஜி, 20 சதவீதம் அதிகம். இரண்டையும் அறிக்கைகளில் பார்க்கலாம். முதல் தவறு பாதுகாப்பைக் குறைக்கிறது, இரண்டாவது கம்பிச் செலவைக் கூட்டுகிறது.

அறிக்கையின் பின்னிணைப்பில் வளைவின் படம் இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். இருந்தால் இடைச்செருகலே வேண்டாம். நெடுக்கு அச்சில் ஆண்டு வீதம் 0.001026 என்ற இடத்தில் கோடு போட்டு நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். இத்தாலியின் கட்டட விதிகள் இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்த்துவிட்டன. அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் 30, 50, 72, 101, 140, 201, 475, 975, 2475 என ஒன்பது மீள்காலங்களுக்கு மதிப்பு தரப்படுகிறது. நடுவில் தேவையானால் மேலே சொன்ன அதே மடக்கை இடைச்செருகல். உதாரணமாக, பள்ளிக்கூடத்துக்கு ஆயுள் 50-ஐ 1.5-ஆல் பெருக்கி 75 ஆண்டு ஆக்குகிறார்கள். அதில் 10 சதவீதம் என்றால் 712 ஆண்டு, 5 சதவீதம் என்றால் 1462 ஆண்டு. இரண்டு புள்ளிகளை விட ஒன்பது புள்ளிகள் நல்லது என்பதை விளக்கவேண்டியதில்லை.

உங்கள் இரண்டு மதிப்புகளும் ஒரே சாதியா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்று சராசரி வளைவு, மற்றது இடைநிலை வளைவு; ஒன்று இரு கிடைத்திசைகளின் பெருக்குச் சராசரி, மற்றது உச்சத் திசை; இப்படிக் கலந்துவிட்டால் மடக்கை எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் விடை குப்பை.

கேள்வி (பொறியாளர், தோஹா): எங்களிடம் 475 ஆண்டு மதிப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. யூரோகோடு 8-இல் (ஐரோப்பிய நிலநடுக்க விதி) கனமூலம் எடுத்தால் போதும் என்கிறார்களே?

பதில்: கனமூலம் என்று யூரோகோடு எங்கும் கட்டளையிடவில்லை. மீறல் வீதம் முடுக்கத்தின் ஒரு அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த அடுக்கு இடத்துக்கு இடம் மாறும், பொதுவாக 3 அளவில் இருக்கும் என்று 2004 பதிப்பு ஒரு குறிப்பு தருகிறது. பலர் அந்த 'பொதுவாக' என்பதை விட்டுவிட்டு 3-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

3 என்று வைத்தால் 475-லிருந்து 2475-க்கு முடுக்கம் 1.73 மடங்கு. மேலே சென்னைக்காரரின் அறிக்கையில் அது 2 மடங்கு. அவரிடம் 475 மதிப்பு மட்டும் இருந்து கனமூலம் போட்டிருந்தால் 0.24-க்குப் பதில் 0.208 கிடைத்திருக்கும். 13 சதவீதம் குறைவு, அதுவும் தெரியாமலே.

ஃபீமா 356 இதை வேறு வடிவில் எழுதியது: முடுக்கம் = 475 ஆண்டு மதிப்பு × (மீள்காலம் ÷ 475)-இன் அடுக்கு. இது யூரோகோடு அடுக்கின் தலைகீழ்; அங்கே 3 என்றால் இங்கே 0.33. குறுகிய அலைவு நேரத்துக்கு (அலைவு நேரம் என்பது கட்டடம் ஒரு தடவை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம்) அந்த அடுக்கு கலிஃபோர்னியாவில் 0.29, அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் 0.98. இந்த இரண்டு எண்களையும் சற்று நின்று பாருங்கள். முதலாவதில் 475-லிருந்து 2475-க்குப் போனால் 1.6 மடங்கு. இரண்டாவதில் 5 மடங்கு! ஒரே நாடு, ஒரே சூத்திரம்.

ஏன் இப்படி? கலிஃபோர்னியாவில் நடுக்கம் அடிக்கடி வருகிறது. 475 ஆண்டுக்குள்ளேயே அருகிலுள்ள பிளவுகள் தங்கள் முழு வலிமையைக் காட்டிவிடும். இன்னும் 2000 ஆண்டு காத்திருந்தாலும் புதிதாகக் கூடுவது கொஞ்சம்தான். நடுப்பகுதியில் நிலைமை வேறு. நியூ மாட்ரிட் பகுதியில் 1811–12-இல் வந்தது போன்ற பெருநடுக்கங்கள் சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை. 475 ஆண்டு என்பது அந்தப் படிக்கட்டின் கீழே நிற்கிறது, 2475 மேலே நிற்கிறது. நடுவில் இருக்கும் செங்குத்தான ஏற்றத்தைத்தான் 0.98 சொல்கிறது. இம்மாதிரி இடத்தில் வளைவு மடக்கைத் தாளிலும் நேர்கோடாக இருக்காது, கூன் விழுந்திருக்கும். இரண்டு புள்ளி இடைச்செருகலைக் கூட நம்பக்கூடாது.

இதே காரணத்தால் அமெரிக்க விதிகளில் வரும் 'மூன்றில் இரண்டு' பலரைக் குழப்புகிறது. 2475 ஆண்டு மதிப்பை எடுத்து 2/3-ஆல் பெருக்கி வடிவமைப்பு அளவு என்று வைத்தபோது, கலிஃபோர்னியாவில் அது 475-க்கு அருகில் விழுந்தது. மேலே சொன்ன அடுக்கை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 600 ஆண்டு. நடுப்பகுதியில் அதே 2/3 சுமார் 1600 ஆண்டு ஆகிறது. ஆகவே 'வடிவமைப்பு நிலை என்றால் 475' என்று அமெரிக்க ஆவணத்தைப் படிக்காதீர்கள். 2010-க்குப் பிறகு இன்னும் ஒரு படி: ஏ.எஸ்.சி.இ. 7-இன் (அமெரிக்கக் கட்டட விசை விதி) வரைபடங்கள் 50 ஆண்டில் கட்டடம் இடிந்து விழும் நிகழ்தகவு 1 சதவீதம் என்ற இலக்கை வைத்து வரையப்பட்டவை. அந்த எண்ணை எந்த மீள்காலத்தோடும் நேரடியாக இணைக்கமுடியாது. மாற்றும் வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம், மூல ஆபத்து வளைவுக்குப் போங்கள்.

உங்களுக்கு நடைமுறை பதில்: ஒற்றை மதிப்புதான் உண்டு என்றால் யூரோகோடு வகை அடுக்கு 2 வைத்து ஒரு தடவை, 3 வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 2475-க்கு முதலாவது 2.28 மடங்கு, இரண்டாவது 1.73 மடங்கு. இந்த இடைவெளி உங்கள் தூண் அளவை மாற்றுமானால், வளைவை வாங்கும் செலவு நியாயமானது. மாற்றாது என்றால் பெரியதை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கேள்வி (கட்டமைப்புப் பொறியாளர், ஆக்லாந்து): 500-க்கும் 2500-க்கும் இடையிலுள்ள சரிவைக் கண்டுபிடித்து, அதையே கீழே இழுத்து 25 ஆண்டு மதிப்பை எடுத்தேன். நியூசிலாந்து அட்டவணையோடு ஒத்துவரவில்லை.

பதில்: ஒத்துவராது. நல்ல உதாரணம், ஏனென்றால் நியூசிலாந்து நிலநடுக்க விதியான என்.இசட்.எஸ். 1170.5-இன் மீள்காலக் காரணி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே வளைவின் உடம்பைத் தடவிப் பார்க்கலாம். 500 ஆண்டுக்கு 1.0 என்று வைத்தால் 1000-க்கு 1.3, 2500-க்கு 1.8. கீழே 250-க்கு 0.75, 100-க்கு 0.5, 50-க்கு 0.35, 25-க்கு 0.25.

500-லிருந்து 2500-க்கு 5 மடங்கு ஆண்டு, 1.8 மடங்கு முடுக்கம், அடுக்கு 0.365. அதைக் கீழே 25 ஆண்டுக்கு, அதாவது 20-இல் ஒரு பங்குக்கு இழுத்தால் 0.335 வரும். அட்டவணை சொல்வது 0.25. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக எடுத்திருக்கிறீர்கள். இப்போது துண்டு துண்டாக அடுக்கைப் பாருங்கள். 25-லிருந்து 50-க்கு 0.485, 500-லிருந்து 1000-க்கு 0.379, 1000-லிருந்து 2500-க்கு 0.355. மீள்காலம் நீள நீள அடுக்கு குறைகிறது. மடக்கைத் தாளில் கோடு நேராக இல்லை, மெல்ல மேற்புறம் குவிந்து படுக்கிறது. சாதாரண ஆபத்து வளைவுகளின் சுபாவமே இது.

இந்தக் குவிவைத் தெரிந்துகொண்டால் தவறு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு புள்ளிக்கு நடுவில் எடுத்தால் விடை உண்மையை விடச் சற்றுக் குறைவாக வரும், ஏனென்றால் நாண் வில்லுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு புள்ளிக்கு வெளியே போனால், மேலே போனாலும் கீழே போனாலும், விடை உண்மையை விட அதிகம். 475–2475 சரிவை வைத்து 72 ஆண்டுக்கு இறங்குவதும் 10,000 ஆண்டுக்கு ஏறுவதும் செலவைக் கூட்டும் பக்கம்தான். நியூ மாட்ரிட் மாதிரிக் கூன் வளைவுகளுக்கு இந்த விதி பொருந்தாது.

இன்னொரு விஷயம்: அந்த அட்டவணை வெலிங்டனுக்கும் ஒன்றே, ஆக்லாந்துக்கும் ஒன்றே. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 1170.4-இன் நிகழ்தகவுக் காரணியும் 2500-க்கு அதே 1.8, 1000-க்கு அதே 1.3. தட்டுகளின் விளிம்பில் இருக்கும் வெலிங்டனும் தட்டின் நடுவில் இருக்கும் ஆஸ்திரேலியாவும் ஒரே வளைவில் இருக்க நியாயமில்லை. விதியை எளிதாக்கச் செய்த சமரசம் அது. விதிப்படி வடிவமைக்க அட்டவணையைப் பயன்படுத்துங்கள். உண்மை ஆபத்தை மதிப்பிட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (ஆலோசகர், சென்னை): ஐ.எஸ். 1893-இல் (இந்திய நிலநடுக்க விதி) மண்டலக் காரணியை (ஒவ்வொரு மண்டலத்துக்கும் தரப்படும் முடுக்கம்) 2475 ஆண்டு என்றும், அதில் பாதியை 475 ஆண்டு என்றும் வைத்துக்கொண்டு 975-க்கு இடைச்செருகலாமா? சென்னைக்கு 0.16.

பதில்: கூடாது. இது கடிதங்களில் அதிகம் வந்த கேள்வி, அதனால் பளிச்சென்று சொல்லிவிடுகிறோம். 2016 பதிப்பில் சூத்திரத்தில் மண்டலக் காரணியை 2-ஆல் வகுக்கிறோம். உச்ச நடுக்கத்திலிருந்து வடிவமைப்பு நடுக்கத்துக்கு வருவதற்கான வகுத்தல் அது. எந்த நிகழ்தகவும் அதோடு ஒட்டப்படவில்லை. மண்டலங்கள் பிரிக்கப்பட்டதும் மீறல் நிகழ்தகவை வைத்து அல்ல, எம்.எஸ்.கே. செறிவு அளவில் (ஓரிடத்தில் உணரப்பட்ட நடுக்கத்தையும் சேதத்தையும் வைத்துத் தரும் அளவு) II-ஆம் மண்டலத்துக்கு 6 வரை, III-க்கு 7, IV-க்கு 8, V-க்கு 9-உம் அதற்கு மேலும் என்ற ஒப்பீட்டில்தான். கடந்தகால நடுக்கங்கள், நிலவியல் அமைப்பு இவற்றை வைத்து வரைந்த கோடுகள். மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அன்று நடுக்கம் வந்தபோது அந்த ஊர் எல்லாவற்றிலும் தாழ்ந்த I-ஆம் மண்டலத்தில் இருந்தது. 2002 பதிப்பில் அந்த மண்டலத்தையே எடுத்துவிட்டு II-உடன் சேர்த்தார்கள். அதே பதிப்பில்தான் சென்னை II-லிருந்து III-க்கு வந்தது. ஒரே நாளில் மண்டலம் மாறியதற்காகச் சென்னைக்கு அடியில் பூமி மாறிவிடவில்லை.

0.08-ஐயும் 0.16-ஐயும் போட்டால் 975-க்கு 0.108 ஜி என்று அழகாக ஒரு எண் வரும். மூன்று தசமம் இருப்பதால் நம்பத் தோன்றும். இரண்டு முனையிலும் ஆண்டு இல்லாத கோட்டில் நடுப்புள்ளிக்கு மட்டும் எப்படி ஆண்டு வரும்? முக்கியத்துவக் காரணி (முக்கியமான கட்டடங்களுக்கு விசையைப் பெருக்கும் எண்) 1.5-ஐ வைத்து 'மருத்துவமனை 1600 ஆண்டு அதிர்வுக்கு வடிவமைக்கப்பட்டது' என்று எழுதுவதும் இதே வகைதான். 475-ஐ அடிப்படையாக அறிவித்திருக்கும் யூரோகோடில் அப்படி எழுதலாம்: அடுக்கு 3 என்றால் காரணி 1.2 என்பது 821 ஆண்டு, 1.4 என்பது 1303 ஆண்டு. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் அந்த அடிப்படையே இல்லை.

வாடிக்கையாளர் மீள்காலம் கேட்டால் அந்த இடத்துக்கென்று நிகழ்தகவு முறை ஆய்வு செய்யவைத்து, குறைந்தது நான்கு மீள்காலங்களுக்கு மதிப்பு வாங்குங்கள். அதில் வரும் வடிவமைப்பு விசை ஐ.எஸ். தருவதற்குக் கீழே போனால் இறங்கவேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை.

கேள்வி (மண் ஆய்வாளர், காக்கிநாடா): களிமண் மேல் 2475 ஆண்டு மதிப்பு இருக்கிறது. பாறையில் கிடைத்த விகிதத்தால் வகுத்து 475-க்கு இறக்கலாமா?

பதில்: இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான குறுக்குவழி, ஏனென்றால் பிழை பாதுகாப்பற்ற பக்கம் விழுகிறது. மென்மண் சிறிய அதிர்வை அதிகம் பெருக்கும். பெரிய அதிர்வில் அது தளர்ந்து, பெருக்கம் குறைந்துவிடும். ஏ.எஸ்.சி.இ. 7-10 அட்டவணையில் 'இ' வகை மென்மண்ணுக்குக் குறுகிய அலைவு நேரக் காரணி, பாறை மதிப்பு 0.25 ஜி என்றால் 2.5, 0.5 ஜி என்றால் 1.7, 1.25 ஜி-க்கு மேல் 0.9.

பாறையில் 475-க்கு 0.25, 2475-க்கு 0.5 என்று வைப்போம். விகிதம் 2. மண்ணில் முதலாவது 0.625, இரண்டாவது 0.85, விகிதம் 1.36 மட்டுமே. நீங்கள் 0.85-ஐ 2-ஆல் வகுத்தால் 0.425 ஜி. உண்மையில் வேண்டியது 0.625. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. வரிசை எப்போதும் இதுதான்: பாறைக்கு வாருங்கள், பாறையில் மீள்காலத்தை மாற்றுங்கள், பிறகு அந்தப் புதிய மதிப்புக்குரிய மண் காரணியைப் போடுங்கள்.

ஸ்பெக்ட்ரத்துக்கும் (ஒவ்வொரு அலைவு நேரத்துக்கும் முடுக்கம் எவ்வளவு என்று காட்டும் கோடு) இதே எச்சரிக்கை. உச்ச முடுக்கத்தின் விகிதத்தை எடுத்து முழு ஸ்பெக்ட்ரத்தையும் பெருக்கக்கூடாது. 0.2 விநாடிக்கும் 1 விநாடிக்கும் ஆபத்து வளைவின் சரிவு வேறு. நீண்ட அலைவு நேரத்தை ஆள்வது தொலைவில் உள்ள பெரிய நடுக்கங்கள். ஒவ்வொரு அலைவு நேரத்துக்கும் தனித்தனியாக மாற்றி, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு வரையவேண்டும்.

கேள்வி (அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், பெங்களூரு): எங்கள் கட்டடத்துக்கு இன்னும் 20 ஆண்டு ஆயுள்தான் என்கிறார்கள். அதே 10 சதவீதத்தை 20 ஆண்டுக்குப் போட்டுக் குறைந்த அதிர்வுக்கு வலுப்படுத்தினால் போதுமாம். சரியா?

பதில்: கணக்கு சரி: 20 ஆண்டில் 10 சதவீதம் என்றால் 190 ஆண்டு மீள்காலம். மீள்காலத்தின் அடுக்கு (ஃபீமா வகை) 0.42 என்றால் முடுக்கம் 475 மதிப்பில் 68 சதவீதம். செலவு நன்றாகவே குறையும்.

நியாயம்தான் இடிக்கிறது. 'ஆயுள்' கட்டடத்துக்கு, ஆபத்து உள்ளே தூங்குபவருக்கு. பக்கத்துப் புதுக் கட்டடத்தில் இருப்பவர் ஒவ்வொரு ஆண்டும் 475-இல் ஒரு பங்கு வாய்ப்போடு இருக்கிறார். உங்கள் மூன்றாவது மாடிக்காரர் 190-இல் ஒரு பங்கு வாய்ப்போடு. அவர் 20 ஆண்டு கழித்துக் காலி செய்யப்போகிறார் என்பதால் இன்றிரவின் ஆபத்து குறையவில்லை. இதே தர்க்கத்தை இழுத்தால் 2 ஆண்டு இருக்கப்போகும் தற்காலிகக் கூடத்துக்கு 19 ஆண்டு மீள்காலம் போதும் என்று வரும். யாரும் அதை மனமறிந்து கையெழுத்திட மாட்டார்கள்.

பழைய கட்டடத்துக்குக் கொஞ்சம் சலுகை தரவேண்டும் என்பதை மறுக்கவில்லை. இல்லையென்றால் எவரும் வலுப்படுத்தவே முன்வர மாட்டார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 41 இதை வெளிப்படையாகச் செய்கிறது: இருக்கும் கட்டடங்களுக்கு 50 ஆண்டில் 20 சதவீதம், 5 சதவீதம் என்ற இரண்டு நிலைகள், அதாவது 224-உம் 975-உம். மீதி ஆயுள் எத்தனை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உங்கள் பொறியாளரிடம் ஆயுளை விட்டுவிட்டு, எந்த ஆண்டு வீதத்தை ஏற்கிறோம் என்று பொதுக்குழுவில் கேட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவர், காரைக்குடி): இடைச்செருகிய முடுக்கத்தை எத்தனை தசமத்தில் எழுதுவது?

பதில்: இரண்டு. 0.16 ஜி என்று எழுதுங்கள். மூல அறிக்கையிலேயே இரண்டு தசமம்தான் இருந்தது, 0.1623 என்று எழுதினால் சரிபார்ப்பவர் முதலில் அதைத்தான் வட்டமிடுவார். பக்கத்தில் எந்த இரண்டு மீள்காலங்களிலிருந்து வந்தது, எந்த அலைவு நேரம், பாறையா மண்ணா என்று ஒரு வரி இருக்கட்டும்.